தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? பழைய டீசல் டிராக்டரில் கூலன்ட் கசிவைத் தேடிப் பிடித்த பதிவு

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே எங்கள் தோட்டத்தில் உழைக்கும் டிராக்டர் மூன்று சிலிண்டர் கொண்ட, 35 குதிரைத்திறன் டீசல் வண்டி. முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. மஞ்சள் நடவுக்கு முன் ரோட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்த பருவத்தில்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ரேடியேட்டரில் குறைவது தெரியவந்தது. வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறியது. மாலையில் எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் தரை காய்ந்தே கிடந்தது. இப்போது அந்தக் கசிவு நின்றுவிட்டது. ஈர லைனர் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், தேடிய முறையை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஈர லைனர் என்றால், பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயான லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மேலே, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டும், கீழே இரண்டு ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும்தான் அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகின்றன. ஓ-ரிங்குக்குக் கீழே இருப்பது ஆயில் நிற்கும் சம்ப். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் எல்லாம் எளிதாகப் புரியும்.

குறையும் தண்ணீர் வெளியேற மூன்று வழிகளே உண்டு: எஞ்சினுக்கு வெளியே சிந்தலாம், சிலிண்டருக்குள் புகுந்து புகையோடு போகலாம், அல்லது ஆயிலில் கலக்கலாம். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்ததும், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்றிவிடலாம் என்றார். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும் என்பதால் அவர் சொன்னது தவறில்லை. ஆனாலும் ஹெட்டைக் கழற்றிவிட்டால் அதன்பின் எந்தச் சோதனையும் செய்ய இயலாது. ஆகவே முதலில் வழியைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுப்போம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் மறுக்கவில்லை.

முதல் வேலை அளவைச் சரியாக வைப்பது. இந்த வண்டியில் தனி உபரித் தொட்டி கிடையாது. ரேடியேட்டரை வாய் வரை நிரப்பினால், தண்ணீர் சூடேறி விரியும்போது மிகுதியானது உபரிக் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். மாலையில் அதுவும் கசிவுபோலவே கணக்கில் ஏறும். எனவே வாய்க்குக் கீழே நான்கு சென்டிமீட்டரில் ஒரு கம்பியால் அடையாளம் வைத்துக்கொண்டு, எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் மட்டுமே அந்த அடையாளம் வரை ஊற்றினோம். ஊற்றும் அளவை அளவுக் குவளையால் அளந்து நோட்டில் குறித்தோம். சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பது முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அதனால் காலையில் மட்டுமே திறப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து வெளிப்புறம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், வடிகால் குழாய், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வாட்டர் பிளக்குகள், ரேடியேட்டரின் அடித்தொட்டி இவற்றையெல்லாம் துடைத்துக் காயவைத்துப் பார்த்தோம். எங்கள் பகுதி போர் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி. அதனால் கசிந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒரு வெள்ளைக் கோடு வாட்டர் பம்பின் அடியில் இருந்தது. பம்பின் உடலில் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். சிலர் அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் சில வாரங்களில் பேரிங் துருப்பிடித்துப் பம்பே போய்விடும். எஞ்சின் ஓடும்போது விசிறிக் காற்று அந்தச் சொட்டுகளைப் பின்னால் அடித்து உலர்த்திவிடுவதால்தான் தரையில் ஈரம் தெரியவில்லை.

பம்பைக் கழற்றி, பழைய சீலையும் பேரிங்கையும் அழுத்தி எடுத்து, 850 ரூபாய்க்கு வாங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பைப் போட்டோம். தண்ணீர் குறைவது பாதிக்கும் கீழே வந்தது. பிரச்சினை முடிந்தது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். ஆனால் நோட்டில் குறித்துவந்த எண்கள் சுழியத்துக்கு வரவேயில்லை. ஒரு நாள் உழவுக்கு முந்நூறு, நானூறு மில்லி குறைந்துகொண்டே இருந்தது. உண்மையான ஒரு கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும் இன்னொன்று ஒளிந்திருக்கக்கூடும். அளந்து எழுதியிராவிட்டால், குறைந்ததே போதும் என்று அந்தப் பருவம் முழுவதும் ஓட்டியிருப்போம்.

இரண்டாவது வழியான சிலிண்டரைச் சோதிக்க, சூடேறும்வரை தண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, ஃபேன் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி எஞ்சினை இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டினோம். பெல்ட் இல்லாதபோது பம்ப் சுழலாது. தண்ணீர் அசையாமல் நிற்பதால், எரிப்பில் உண்டாகும் வாயு கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் வந்தால் குமிழிகள் தெளிவாகத் தெரியும். ஒரு குமிழிகூட வரவில்லை. சுமை ஏறும்போது மட்டுமே திறக்கும் விரிசலும் உண்டு என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதால், பெல்ட்டை மாட்டி, உபரிக் குழாயில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுக் கட்டிவைத்து ரோட்டவேட்டர் ஓட்டினோம். எஞ்சின் சூடேறும்வரை விரிவினால் சிறிது காற்று வந்தது, பிறகு நின்றுவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட்டின்மீது இருந்த சந்தேகம் இத்துடன் பெரும்பாலும் நீங்கியது.

மூன்றாவது வழியை நாங்கள் முதலிலேயே பார்த்திருந்தோம் என்றாலும், பார்த்தது போதவில்லை. டிப் ஸ்டிக்கை எடுத்தபோது ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, அளவும் மேல் கோட்டில் சரியாக நின்றது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெளிறிய பழுப்பு நிறத்தில் கொஞ்சம் களிம்பு இருந்தது. குறைந்த நேரம் ஓடி நிற்கும் எஞ்சினில் நீராவி படிந்தும் அது வரும் என்பதால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையான துப்பு டிப் ஸ்டிக்கின் அந்தச் சரியான அளவிலேயே இருந்தது. இந்த எஞ்சின் பல ஆண்டுகளாகவே சிறிது ஆயில் குடிக்கும். வாரத்துக்குக் கால் லிட்டராவது ஊற்றியே பழக்கம். அந்தப் பருவத்தில் மட்டும் ஊற்றத் தேவையே ஏற்படவில்லை. எரிந்துபோன ஆயிலின் இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஆயில் குடிக்கும் பழைய எஞ்சின் திடீரெனக் குடிப்பதை நிறுத்தினால் மகிழ்ச்சி அடையாமல் உடனே சோதிக்க வேண்டும் என்பதை இந்த வேலையில் நான் கற்ற மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன்.

இதை உறுதிசெய்ய இரண்டு எளிய சோதனைகள் போதும். ஒன்று, வண்டியை இரவு முழுவதும் அசைக்காமல் நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்பின் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துவது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி, முதலில் அதுவே வெளிவரும். எங்களுக்கு ஒரு தேநீர்க் குவளை அளவு கலங்கிய தண்ணீர் வந்தபின்தான் ஆயில் வந்தது. மற்றொன்று, பழைய இரும்புக் கரண்டியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, அதில் ஒரு சொட்டு ஆயிலை விடுவது. தண்ணீர் இல்லாத ஆயில் புகைந்து பரவும். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். எங்கள் ஆயில் நன்றாகவே வெடித்தது. அந்த நிமிடத்திலிருந்து வண்டியை உழவுக்கு ஓட்டவில்லை. தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங்குகள் வெகு நாள் தாங்கமாட்டா.

ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று தெரிந்தாலும், எந்த இடத்திலிருந்து என்று தெரிய வேண்டும். இதற்காகச் செய்த கருவியை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த முழு வேலையிலும் பெரிய பயன் தந்தது அதுதான். பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றின் நடுவில் துளையிட்டு, அதன் ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துவிட்டு, பைக் டியூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வை ரப்பர் வாஷர்களும் நட்டும் வைத்து இறுக்கினோம். மூடியின் அடியில் டியூப் ரப்பரையே வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டோம். காற்றடிக்கும் கால் பம்புக்கும் வால்வுக்கும் இடையே 0 முதல் 15 பவுண்டு (psi) வரை அழுத்தம் காட்டும் சிறு கேஜ் ஒன்றை வைத்தோம். லாரி டயருக்கான கேஜ் இதற்குப் பயன்படாது. அதில் 7 பவுண்டு என்பது முள்ளின் ஒரு சிறு அசைவுதான். எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. எங்கள் ரேடியேட்டர் மூடியின் அளவு 7 பவுண்டு. அதற்கு மேல் ஒருபோதும் ஏற்றக்கூடாது, ஏற்றினால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பு பிளந்துவிடும்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஆயிலை வடித்து, சம்பை இறக்கினோம். எங்கள் வண்டியின் சம்ப் தகட்டால் ஆனது, முன் அச்சைத் தொடாமல் அடியிலிருந்தே இறங்கிவிடும். வார்ப்பிரும்புச் சம்பே முன் அச்சின் சுமையையும் தாங்கும் வண்டிகள் உண்டு. அவற்றில் இந்த வேலையைத் தொடங்குமுன் எஞ்சினுக்கும் பின்பகுதிக்கும் முட்டுக் கொடுத்தாக வேண்டும். சம்ப் இறங்கியதும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும் லைனர்களின் அடிப்பகுதியையும் துணியால் ஒற்றியெடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கு நேர்கீழேயும் தனித்தனியாகப் பழுப்புக் காகிதம் விரித்தோம். எஞ்சின் ஆறிய நிலையிலேயே 7 பவுண்டு ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் முள் 5-க்கு இறங்கியது. இரண்டாம் சிலிண்டரின் கீழ் இருந்த காகிதத்தில் மட்டும் ஈரம் படிந்தது.

இங்கே அவசரப்படாமல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீர் லைனரின் உட்சுவர் வழியாக இறங்கினால் லைனரில் ஓட்டை, அல்லது ஹெட்டில் கோளாறு. வெளிச்சுவருக்கும் பிளாக்குக்கும் இடையே ஊறினால் ஓ-ரிங். பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற நீண்ட கைப்பிடியுள்ள சிறு கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு பார்த்தபோது, லைனரின் வெளிப்புற விளிம்பில் மணி மணியாக நீர் கோத்து நின்றது. உட்சுவர் காய்ந்திருந்தது. சம்பை இறக்குவதற்கு முன், எஞ்சின் சூடாக இருந்தபோது ஓரிரு முறை அழுத்தம் ஏற்றிப் பார்த்ததில் முள் ஏறத்தாழ அசையவே இல்லை. சூட்டில் லைனர் விரிந்து ஓ-ரிங்கை அழுத்திக்கொள்வதே காரணம். ஆக, பகலில் ஓடும்போது அடைத்துக்கொண்டு, இரவில் ஆறும்போது சம்புக்குள் வடிந்திருக்கிறது. இந்த வகைக் கசிவுக்குச் சூடான எஞ்சினில் மட்டும் சோதிப்பது பயன் தராது.

இதற்குப் பிறகுதான் ஹெட் கழன்றது. லைனர்களை இழுக்குமுன் அவை பிளாக்கின் மேற்பரப்பைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கின்றன என்று லேத் பட்டறையிலிருந்து வாங்கிவந்த, நுண்ணிய உயர வேறுபாட்டைக் காட்டும் டயல் கேஜால் நான்கு பக்கமும் அளந்தோம். கையேட்டின்படி எங்கள் எஞ்சினுக்கு 0.05 முதல் 0.12 மி.மீ. வரை இருக்கலாம், இது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். முதலாவதும் மூன்றாவதும் 0.08, 0.09 என்று ஒழுங்காக இருந்தன. இரண்டாவது ஒரு பக்கம் 0.09, எதிர்ப்பக்கம் 0.03, சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தபோது அதன் கழுத்து உட்காரும் படியில் ஒரு பக்கம் மட்டும் கடினமான சுண்ணாம்பும் பழைய பேஸ்டும் சிக்கியிருந்தன. முன்பு யாரோ வேலை செய்தபோது ஓ-ரிங் மீதும் கேஸ்கெட் பேஸ்ட் பூசியிருக்கிறார்கள். ஓ-ரிங்குகள் உருண்டை வடிவத்தை இழந்து ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிப்போயிருந்தன.

அதைவிடக் கவலை தந்தது லைனரின் வெளிச்சுவர். கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கான ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக ஒரு பட்டையில், கரையான் அரித்த மரம்போல் குழிகள் இருந்தன. பிஸ்டன் எரிப்பின் விசையில் அந்தப் பக்கத்தில்தான் மோதுகிறது. மோதும்போது லைனர் அதிர்கிறது. அதிர்வில் தண்ணீரில் நுண்குமிழிகள் தோன்றி இரும்பின்மேலேயே உடைந்து, சிறிது சிறிதாக அதைக் கொத்தியெடுத்துவிடுகின்றன. ஊசியைக் குழியில் விட்டு அளந்ததில் மிக ஆழமானது 2.5 மி.மீ.; சுவரின் மொத்தத் தடிமனே 6 மி.மீ.க்குச் சற்று மேல். ஓ-ரிங் முதலில் கசிந்ததால்தான் இதைப் பார்க்க முடிந்தது. கசியாதிருந்தால் சில பருவங்களில் லைனரே துளைபட்டு, தண்ணீர் பிஸ்டனுக்கு மேலே நின்று, ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும் நிலைக்குப் போயிருக்கும். முப்பது ஆண்டுகளாக வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியதன் விளைவு இது. வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்ற வேண்டிய குளிர்விப்புத் திரவமான சரியான கூலன்ட்டில் உள்ள வேதிப்பொருள்கள் லைனர்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி இந்த அரிப்பைப் பெருமளவு குறைக்கின்றன.

இரண்டாம் சிலிண்டருக்குப் புதிய லைனரும் பிஸ்டனும் வாங்கினோம். மற்ற இரண்டில் குழிகள் மேலோட்டமாகவே இருந்தன, உட்புறத் தேய்மானமும் 0.08 மி.மீ. அளவில் நின்றது. ஆகவே அவற்றை 90 பாகை திருப்பி, குழி விழுந்த பக்கம் மோதலுக்கு எதிரே வராதபடி வைத்து, உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கி (ஹோன் செய்து), புது ரிங் போட்டோம். முழுத் தொகுப்பையும் மாற்றிவிடுவது நல்லது என்று லேத் பட்டறையில் சொன்னார்கள். ஆண்டுக்குச் சில நூறு மணி நேரமே ஓடும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் தீர்மானம். கனெக்டிங் ராடுகளின் கீழ்முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங்குகளில் தண்ணீர் பட்ட சாம்பல் நிறத் திட்டுகள் இருந்ததால் அவற்றில் சிக்கனம் பார்க்கவில்லை.

லைனர் உட்காரும் இடங்களைச் சுத்தம் செய்வதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவானது, அது சரியும்கூட. மேல்படியை மழுங்கிய உளியால் சுரண்டி 400 எண் எமரியால் துடைத்தோம். கீழே ஓ-ரிங் நுழையும் விளிம்பில் கத்திபோல் கூர்மை இருந்ததால் அதையும் எமரியால் மழுக்கினோம். அந்தக் கூர்மை புது ரப்பரை நுழையும்போதே சீவிவிடும். பிளாக்கின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் படிந்திருந்த சேற்றை, வாட்டர் பிளக்குகளைக் கழற்றிக் கம்பி விட்டு எடுத்தோம். பிறகு ஓ-ரிங் இல்லாமல் லைனரை இறக்கி மீண்டும் அளந்தபோது நான்கு பக்கமும் 0.07, 0.08 வந்தது. அதன்பின்னரே ஓ-ரிங் போட்டு, சோப்புக் கரைசல் தடவி, கையால் அழுத்தி இறக்கினோம். சுத்தியலால் தட்ட வேண்டிய நிலை வந்தால் ஓ-ரிங் மடங்கியிருக்கிறது என்று பொருள்; வெளியே எடுத்துப் பார்ப்பதே நல்லது. இறங்கிய லைனர்கள் மேலே எழும்பாதபடி ஹெட் ஸ்டட்களில் தடித்த வாஷர் வைத்துப் பிடித்துவைத்தோம்.

பிஸ்டன்களைப் போடுவதற்கு முன்பே, வாட்டர் பம்ப் வாயைத் தகட்டால் அடைத்து, பிளாக்கின் மேல்துளைகள் வழியாகத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டோம். அடியில் விரித்த காகிதம் காய்ந்தே இருந்தது. ஹெட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று கட்டமாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கியபின், சம்பை மாட்டுவதற்கு முன்னதாக மறுபடி 7 பவுண்டு ஏற்றினோம். அரை மணி நேரத்தில் முள் நகரவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் சம்ப் ஏறியது. முதலில் ஊற்றிய 7 லிட்டர் ஆயிலைச் சில மணி நேரம் ஓட்டியதும் ஃபில்டரோடு சேர்த்து வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினோம். ஆயில் பாதைகளில் தங்கிய ஈரம் அப்படித்தான் வெளியேறும்.

செலவுகள்: பம்ப் 850, கேஸ்கெட் தொகுப்பு 2,400, ஓ-ரிங்குகள் 360, ஒரு சிலிண்டருக்கான லைனரும் பிஸ்டனும் 4,800, இரண்டு ரிங் தொகுப்புகள் 1,900, பேரிங் 1,700, லேத் வேலை 2,500, ரேடியேட்டர் சுத்தம் 900, இருமுறை ஆயில் 4,620, ஃபில்டர்கள் 500, கூலன்ட் ஐந்து லிட்டர் 1,450, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் 250, மெக்கானிக் அண்ணனின் கூலி 4,000. மொத்தம் 26,230 ரூபாய். இதில் ஓ-ரிங்குக்கு ஆனது 360 மட்டுமே.

அடுத்த முறை தண்ணீர் குறைந்தால் வரிசையை மாற்றுவேன். ஆயில் வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பார்ப்பதும் கரண்டிச் சோதனையும் முதல் நாளே முடிந்துவிட வேண்டும். இரண்டுக்கும் செலவே இல்லை. அழுத்தச் சோதனையை ஆறிய எஞ்சினில் பம்பைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் செய்வேன்; அப்படிச் செய்திருந்தால், பம்ப் துளையில் சொட்டியது நின்ற பிறகும் முள் இறங்குவதைக் கண்டு, ஆயிலில் தண்ணீர் கலந்தபடி ஓட்டிய உழவைத் தவிர்த்திருக்கலாம். பேரிங் செலவும் ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

இப்போது ரேடியேட்டரில் இருப்பது பேட்டரித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மொத்தம் 9 லிட்டர். மிஞ்சிய அரை லிட்டரையும் அதே விகிதத்தில் கலந்து ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன், அவசரத்தில் யாரும் போர் தண்ணீரை ஊற்றிவிடக்கூடாது என்பதற்காக. ஐம்பது மணி நேரம் ஓடியபின் எடுத்த ஆயில் கரண்டியில் வெடிக்கவில்லை. எஞ்சின் மறுபடி சிறிது ஆயில் குடிக்கத் தொடங்கியிருக்கிறது. புது ரிங்குகள் படியும்வரை அது இருக்கும் என்பதால், வாராவாரம் ஊற்றும் அளவையும் அதே நோட்டில் தண்ணீர்க் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவருகிறேன்.